புள்ளி வைத்த ஃபோல்டர்

செஞ்சி கூட்ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பாரதி இரண்டு மாதமாக ஒரே விஷயத்துக்காக உலகத்தோடு வாதாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய மென்பொருள் தன் அமைப்புகளை எந்த ஃபோல்டரில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்த விஷயம். கேட்டால் சிரிப்பு வரும். வரட்டும். சீயமங்கலத்து மோனிகா என்ற பெண்ணின் ஒரு வருஷ உழைப்பு அந்த ஃபோல்டருக்குள்தான் இருந்தது. பாரதி அதை அழிக்கப்போகிறாள் என்பது பாரதிக்கே தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவள் புருஷன் வெற்றிவேல். அவனுக்கோ அந்த ஃபோல்டர் அழியப்போகிறது என்று தெரியாது. ஒரே வீட்டில் ஆளுக்குப் பாதி தெரிந்து வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அந்த மென்பொருளின் பெயர் மூட்டை. கணினிக்கு வேண்டிய மற்ற மென்பொருள்களை எங்கெங்கோ இருந்து எடுத்து வந்து, அதது இருக்க வேண்டிய இடத்தில் இறக்கி வைப்பதும், வேண்டாம் என்றால் தூக்கிக்கொண்டு போவதும் அதன் வேலை. கல்லூரியில் படிக்கும்போது பாரதி விளையாட்டாக ஆரம்பித்தது. இப்போது பல தேசத்து ஆட்கள் சேர்ந்து அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை பாரதிக்குச் சம்பளமும் தருகிறது. பெயர் மட்டும் மூட்டை என்றே நிலைத்துவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் அதை உச்சரிப்பதைக் கேட்க வெற்றிவேலுக்கு ரொம்பப் பிடிக்கும்.

மூட்டைக்கும் தன் சொந்தச் சாமான்களை வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். எந்த சர்வரில் இருந்து எடுக்க வேண்டும், எந்த மொழியில் பேச வேண்டும் என்ற மாதிரிக் குறிப்புகள். பயன்படுத்துகிறவர் இடம் எதுவும் சொல்லாவிட்டால் அது தானாகப் போய் உட்காரும் இடத்துக்கு டீஃபால்ட் என்று பெயர். ஆரம்பத்தில் பாரதி அதற்கு, பயனரின் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே, பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து ஒரு ஃபோல்டர் கொடுத்திருந்தாள். புள்ளி வைத்த ஃபோல்டர் சாதாரணமாகக் கண்ணில் படாது. ஆனால் எல்லா மென்பொருளும் இப்படி ஆளுக்கொரு புள்ளி ஃபோல்டர் போட்டு ஹோம் ஃபோல்டரைக் குப்பைமேடாக்கிவிட்டன. அதனால், எல்லாருடைய அமைப்புகளும் ஒரு பொது ஃபோல்டருக்குள் வரிசையாக இருக்கட்டும் என்று உலகத்தில் ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. பாரதி ஒழுங்குக்காரி. அவள் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் கடுகு ஒன்று சீரகத்தோடு கலந்திருந்தால்கூட எடுத்து மாற்றிவிட்டுத்தான் தாளிப்பாள். மூட்டையும் பொது இடத்துக்குக் குடிபோக வேண்டும் என்று மூட்டைக் குழுவின் இணைய விவாதத்தில் அவள்தான் முதலில் எழுதினாள்.

வெற்றிவேல் ஊருக்கு வெளியே, திருவண்ணாமலை ரோட்டில் ஒரு தனியார் கல்லூரியில் கணினி ஆய்வகப் பொறுப்பாளர். நல்லவன். யார் எது கேட்டாலும் எப்படியாவது செய்து கொடுத்துவிடுவான். அந்த எப்படியாவதில்தான் வில்லங்கம். அந்த ஆய்வகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே லாகின், ஒரே ஹோம் ஃபோல்டர். வைரஸ் வருகிறது என்று பென் டிரைவ் செருகும் துளைகளையெல்லாம் நிர்வாகம் பசை வைத்து அடைத்துவிட்டது. வெளி இணையதளம் எதுவும் திறக்காது. போதாததற்குச் சென்னையில் இருந்து ஒரு கம்பெனி வந்து, தினமும் சாயங்காலம் ஹோம் ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் துடைத்து அழிக்கும் ஒரு நிரலைப் போட்டுவிட்டுப் போனது. அழிந்ததன் தடம்கூட மிஞ்சாமல் துடைக்கும். அது தொடாமல் விடுகிற இடம் மூட்டையின் புள்ளி ஃபோல்டர் ஒன்றுதான். அதைத் துடைத்தால் மூட்டை தன் குறிப்புகளையெல்லாம் மறந்துவிடும்.

ஆகவே வெற்றிவேல் பிள்ளைகளிடம், பக்கத்து வீட்டுக்காரன் காதில் விழாமல் சொல்கிற மாதிரி, சொன்னான். "அந்தப் புள்ளி ஃபோல்டருக்குள்ள உங்க உங்க பேர்ல ஒண்ணு போட்டு வச்சிக்கோங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

நிர்வாகத்துக்குத் தெரிந்தால் வேலை போகும் என்பது ஒரு பயம். பாரதிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது அதைவிடப் பெரிய பயம். ஒரு தடவை கல்யாண ஃபோட்டோக்களை அவன் பிரிண்டர் மென்பொருளின் ஃபோல்டரில் போட்டு வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "செருப்பு வைக்கிற எடத்துல சோத்துப் பானைய வைப்பீங்களா?" என்று ஆரம்பித்தவள், ஒரு வாரம் விடவில்லை.

கடைசி வருஷப் பிள்ளைகளில் பெரும்பாலோர் புராஜெக்ட்டைச் சொந்தமாகச் செய்வதில்லை. விழுப்புரத்தில் அதற்கென்றே கடை இருக்கிறது. நூலக மேலாண்மை, மருத்துவமனை மேலாண்மை, விடுதி மேலாண்மை என்று தயாராக வைத்திருப்பார்கள். பெயரை மாற்றி பைண்டிங் போட்டுத் தருவார்கள். மோனிகா கடைக்குப் போகவில்லை. அவள் தன் ஃபோனிடம் எது பேசினாலும் அதற்குப் புரிவதில்லை என்ற கடுப்பில் இருந்தாள். "இன்னா" என்றால் அது வேறு எதையோ தேடிக் காட்டியது. அப்பாவை "நைனா" என்றால் இந்திப் பாட்டுப் போட்டது. நம்ம ஊர்ப் பேச்சு புரிகிற ஒரு நிரலை நாமே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குக் குரல்கள் வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் ஆய்வகத்தில் ஹெட்செட்டை வைத்துக்கொண்டு, கிடைத்தவர்களையெல்லாம் பிடித்து உட்காரவைத்துப் பேசச் சொன்னாள். அனந்தபுரத்தில் இருந்து வரும் பிள்ளைகள், கேன்டீன் மீனம்பாள், பஸ் டிரைவர், எல்லாரும் பேசினார்கள். வாட்ச்மேன் விநாயகம் தன் குரல் நன்றாக இல்லை என்று மறுபடி மறுபடி வந்து பேசிவிட்டுப் போனார். ஒரு வருஷம் இப்படியே போயிற்று. கடைசியில் ஒருநாள், "இன்னாம்மா, பஸ் வந்துட்ச்சா?" என்று மீனம்பாள் கேட்டதை அவள் நிரல் பிசகாமல் எழுத்தில் காட்டியது. அன்றைக்கு ஆய்வகமே கைதட்டியது. வெற்றிவேல் காசு போட்டு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

சென்னையில் வேறொரு கம்பெனி இதைக் கேள்விப்பட்டு, தேர்வு நாளில் வீடியோவில் வந்து பார்க்கிறோம், சொன்ன மாதிரி ஓடினால் வேலை உண்டு என்று சொல்லியிருந்தது. மோனிகாவின் நைனா தனகோட்டி அதைத் தேசூர் கடைத்தெரு வரைக்கும் சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு அந்தக் கல்லூரி மூலமாக வந்த ஒரே வழி அதுதான்.

இனி வாதத்துக்கு வருகிறேன். மூட்டை பொது இடத்துக்குக் குடிபோவதில் யாருக்கும் மறுப்பு இல்லை. பழைய ஃபோல்டரை என்ன செய்வது என்பதில்தான் இழுபறி. பாரதி முதலில் எழுதியபடி, புது மூட்டை தன் சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டு போகும். பழைய ஃபோல்டரில் தெரியாத கோப்பு ஏதாவது இருந்தால் அதைத் தொடாது. குழுவில் இருந்த ஜெர்மனிக்காரர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. அப்படி விட்டால் பாதிப் பேர் கணினியில் பழைய ஃபோல்டர் காலத்துக்கும் கிடக்கும், குப்பையை ஒழிக்கத்தானே இவ்வளவும், மென்பொருளின் அமைப்பு ஃபோல்டரில் போய் யார் சொந்தக் கோப்பை வைப்பார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பாரதிக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்கிறவள் இல்லை அவள். கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

அன்றைக்குத் தோசை. வெற்றிவேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"உங்க லேப்ல எல்லாப் புள்ளைங்களும் ஒரே லாகின்லதானே வர்றாங்க?" என்றாள்.

"ஆமா. இன்னாத்துக்கு?"

"சும்மாதான் கேக்கறேன். மூட்டையோட ஃபோல்டருக்குள்ள யாராச்சும் சொந்த ஃபைல் வைக்கிறாங்களா?"

யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. செருப்பும் சோத்துப் பானையும் மறுபடி வரும். தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துச் சுத்தமாக்கிவிட்டால் இப்போது சொல்கிற பொய் தானாக உண்மையாகிவிடும்.

"அதுல யாரு வைப்பா?" என்றான். "அது இன்னா பரணா?"

"பாத்து சொல்லுங்க. எனக்குக் கரெக்டா தெரியணும்."

"தெனம் நான்தானே பாக்கறேன். ஒண்ணும் இல்ல. சட்னி கொஞ்சம் போடு."

அவள் சட்னி போட்டாள். ஏன் கேட்கிறேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். அவனும் கேட்டிருக்கலாம். வீட்டில் ஆபீஸ் பேச்சு வேண்டாம் என்று கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்ட ஒப்பந்தம் ஒன்று இருந்தது. நல்ல ஒப்பந்தம். அதனால் எத்தனையோ சண்டை மிச்சமாகியிருக்கிறது.

மறுநாள் காலை பாரதி எழுதினாள்: ஒரே லாகினில் ஏராளமான மாணவர்கள் புழங்கும் ஓர் ஆய்வகத்தில் விசாரித்துவிட்டேன், யாரும் அந்த ஃபோல்டரில் எதையும் வைப்பதில்லை. அதற்கு மேல் யாரும் பேசவில்லை. பழைய ஃபோல்டரை முழுசாக நீக்கிவிடலாம் என்று முடிவாயிற்று. எனக்கு இந்த இடத்தில் யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. ஆனால் கோபம் வருகிறது.

புது மூட்டை வெளிவந்தது ஒரு வெள்ளிக்கிழமை, அமாவாசை. அமாவாசை என்றால் செஞ்சி வழியாகப் போகும் பஸ்ஸில் பாதி மேல்மலையனூர் கோயிலுக்குச் சிறப்புப் பேருந்தாகிவிடும். வெளியூர்ப் பிள்ளைகள் வீடு போய்ச் சேர முடியாது என்று கல்லூரி மத்தியானத்தோடு விட்டுவிட்டது. வெளியீட்டு அறிவிப்பில் பாரதியின் பெயர் முதலில் இருந்தது. பழைய ஃபோல்டர் நீக்கப்படும் என்ற வரியும் அதில் இருந்தது. வெற்றிவேல் அவள் பெயரைப் பார்த்தான், வரியைப் பார்க்கவில்லை. அறிவிப்பைப் படம் பிடித்து, "என் மனைவி" என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். ஆய்வக சர்வரில் மூட்டை எப்போதும் புதிதாகவே இருக்க வேண்டும் என்று, பெண்டாட்டி மேல் இருந்த பெருமையில், தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி அவன் எப்போதோ அமைத்திருந்தான். ஆள் இல்லாத ஆய்வகத்தில் அது புதுப்பித்துக்கொண்டது. சாயங்காலம் துடைக்கிற நிரல் வந்து துடைத்துவிட்டுப் போனது.

சனிக்கிழமை காலையில் மோனிகா ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கழற்றி வைத்தாள்.

"சார், என் ஃபோல்டர் காணல."

"சர்வர் ஸ்லோவா இருக்கும். இரு," என்று வந்து பார்த்தவனுக்கு மூட்டையின் ஃபோல்டரே அங்கே இல்லை. வெளியே போய் பாரதிக்கு ஃபோன் போட்டான்.

"பாரதி, அழிஞ்ச ஃபைலத் திரும்ப எடுக்க முடியுமா?"

"எதுல இருந்துச்சு?"

அவன் ஆய்வகக் கதவை இழுத்துச் சாத்தினான்.

"எதுல இருந்துச்சுன்னு கேக்கறேன்."

"மூட்டைல," என்றான்.

பாரதி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்து சேர்ந்தாள். தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டும் செய்து பார்த்தாள். துடைக்கிற நிரல் சொன்னபடி நன்றாகவே துடைத்திருந்தது. பேக்கப் ஏதாவது உண்டா என்று கேட்டாள். உண்டு. அதற்கென்று ஒரு கருவி வாங்கி பிரின்சிபால் அறையில் அட்டைப்பெட்டியோடு இருக்கிறது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம்கூட வைத்தாயிற்று. திறப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் தேதி கொடுக்காததால் இன்னும் பிரிக்கவில்லை.

மோனிகா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பாரதி ஒவ்வொரு தடவை தட்டச்சு செய்யும்போதும் கொஞ்சம் முன்னால் குனிந்தாள். ஒன்றும் வரவில்லை என்றதும் பின்னால் சாய்ந்தாள். மத்தியானம் வரைக்கும் இதே கதை. பாரதிக்கு அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் வரவில்லை.

வராந்தாவில் வெற்றிவேல் நின்றிருந்தான்.

"நான் கேட்டேனே," என்றாள் பாரதி.

"நீ இன்னாத்துக்குக் கேக்கறன்னு சொல்லலியே."

"நீங்க இல்லைன்னு சொன்னீங்களே."

சண்டை போடுவதற்குக்கூட ஒன்றும் மிச்சம் இல்லை.

மற்ற பிள்ளைகளுடைய புராஜெக்ட்டுகளும் அதே ஃபோல்டரோடுதான் அழிந்தன. அவர்கள் கடைக்காரருக்கு ஃபோன் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் புதுப் பிரதி வந்துவிட்டது. துறைத்தலைவர் ஜெயராமன் மோனிகாவைக் கூப்பிட்டு ஆறுதலாகத்தான் பேசினார். "நீயும் ஒண்ணு வாங்கிக்கோம்மா. மார்க் போயிடக் கூடாது பாரு. நான் சொன்னேன்னு சொல்லாத."

ஞாயிற்றுக்கிழமை பாரதி ஒரு திருத்தம் எழுதினாள். தெரியாத கோப்பு இருந்தால் பழைய ஃபோல்டரைத் தொடாதே என்று ஒரே ஒரு வரி. காரணத்தையும் எழுதினாள். எல்லாரும் உடனே சம்மதம் சொன்னார்கள். ஜெர்மனிக்காரர் தான் ரொம்ப வருந்துவதாக எழுதினார். பிறகு, அந்த ஆய்வகத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஏன் தனி லாகின் இல்லை என்று கேட்டிருந்தார். பாரதி அதற்குப் பதில் எழுதவில்லை. எழுதினால் கல்லூரி எப்படி நடக்கிறது என்பதில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

திங்கட்கிழமை மோனிகா நூலக மேலாண்மையைக் காட்டினாள். தேர்வாளர் அதே நிரலை அன்று காலையில் மூன்றாவது தடவையாகப் பார்க்கிறார். பைண்டிங் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பாஸ் போட்டார். சென்னைக் கம்பெனியின் மேடம் வீடியோவில் வந்தார்.

"பேச்சு புராஜெக்ட் இல்லையா?"

"டெலீட் ஆயிட்ச்சு மேடம். ஃபோல்டரோட போயிட்ச்சு."

மேடம் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. இதே பதிலை எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு வந்த சிரிப்பு. "பரவாயில்லம்மா. சொந்தமா ஏதாவது செஞ்சா அப்புறம் அனுப்புங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெற்றிவேல் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். திரை அணைந்துவிட்டது. அந்த ஃபோல்டர் என்ன, அதில் ஏன் வைத்தார்கள் என்று ஜெயராமனுக்கு முன்னால் விளக்குகிற தைரியம் அவனுக்கு இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சாயங்காலம் பாரதி பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். மோனிகா தேசூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். கையில் பைண்டிங் போட்ட நூலக மேலாண்மை இருந்தது. பாரதியைப் பார்த்ததும் சிரித்து, "அன்னிக்கு எனக்காக ரொம்ப நேரம் உக்காந்திருந்தீங்கக்கா. தேங்க்ஸ்," என்றாள். அந்தத் தேங்க்ஸை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக பாரதியால் முடியவில்லை.

"மோனிகா, உன்னுத அழிச்சது நான்தான்மா. மூட்டை நான் செஞ்சது. அந்த ஃபோல்டர் வேணாம், எடுத்துடலாம்னு முடிவு பண்ணதும் நான்தான்."

மோனிகா அவளையே பார்த்தாள். பக்கத்தில் பூக்காரி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெயில் இன்னும் மலைப்பாறைகள் மேல் கிடந்தது.

"தெரியும்க்கா, நீங்க செஞ்சதுன்னு," என்றாள். "சார் மொத நாளே சொன்னாரு. நம்ம ஊரு அக்கா செஞ்சது, உலகமே வச்சிக்கினு இருக்குதுன்னு."

கையில் இருந்த பைண்டிங்கை மோனிகா மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"போன மாசம் சார் கேட்டாரு, என் மிஷின்ல பென் டிரைவ் துள தொறந்துதான் இருக்குது, உன்னுது ஒரு காப்பி எடுத்து வூட்ல வச்சிக்கட்டுமான்னு. நான்தான் வேணாம்னுட்டேன். அக்கா செஞ்சதுல இருக்குது, அதுக்கு மேல இன்னா பத்திரம் வேணும்னு."

தேசூர் பஸ் வந்தது. மோனிகா அந்தப் பைண்டிங்கை இடுக்கிக்கொண்டு கூட்டத்தோடு ஏறினாள். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. அவள் பாரதியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோபத்தில் அப்படி இருக்கிறாள் என்றால்கூடப் பாரதிக்குத் தேவலை போல இருந்திருக்கும். மோனிகா டிக்கெட் எடுக்கப் பையில் சில்லறை தேடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.